முள்ளிப்பட்டில் ஒரு சீனச் சதி

உலக வல்லரசுகளின் எதிர்காலம் இனிமேல் வாஷிங்டனிலோ பெய்ஜிங்கிலோ தீர்மானிக்கப்படப் போவதில்லை. ஆரணிக் கோட்டை மைதானத்துக்குப் பின்புறம், பேட்டரிக் கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவில், ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாத ஒரு கடையில்தான் தீர்மானிக்கப்படப் போகிறது என்ற செய்தியைப் பொதுமக்கள் எழுந்து நின்று பெற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் செய்தி போன் வழியாக வந்தபோது, கடைக்காரர் பிலவேந்திரன் தறியில் டிசைன் போடும் ஒரு சீன ஜக்கார்டு பெட்டிக்குள் தலையை விட்டு, வாயால் தூசி ஊதிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் பிலவேந்திரன், ஒரு விசித்திரம்" என்றது தில்லிக் குரல். "நீங்க அனுப்பின கணக்கைப் பார்த்தேன். உங்க ஊர்ல எல்லாச் சீனப் பெட்டியும் மாசத்துல ஒரு நாள் சுத்தமா நிக்குது. எல்லாம் ஒரே நாள்ல. ஏன்?"

குரலுக்குச் சொந்தக்காரர் டாக்டர் தென்னரசு. தேசிய முக்கியத் தொழில்நுட்ப அயல்நாட்டு முன்னேற்றக் கண்காணிப்பு ஆய்வு மன்றம் என்ற அமைப்பின் முதுநிலை ஆய்வாளர். சீனா எந்தெந்தத் தொழில்நுட்பத்தில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, அதனால் யார் யார் பின்னால் போயிருக்கிறார்கள் என்று கண்காணிப்பது மன்றத்தின் பணி. மன்றத்தின் பெயரைப் படித்து முடிப்பதற்குள் சீனா இன்னும் கொஞ்சம் முன்னேறிவிடும் என்பது வேறு விஷயம்.

கேள்விக்குப் பதில் பிலவேந்திரனுக்குத் தெரியும். புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவருக்கும் தெரியும். அன்று அமாவாசை.

ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. இதற்குச் சட்டம் இல்லை, சங்கத் தீர்மானம் இல்லை, போர்டு இல்லை. மழை மேலிருந்து கீழே பெய்கிற மாதிரி அது ஓர் ஏற்பாடு. இந்துவோ, பிலவேந்திரனைப்போல வேதக்காரரோ, பாவு நூல் பூட்டியவர் எவரும் அன்று தறியைத் தொடமாட்டார். பிலவேந்திரனின் அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் தறியில் உட்கார்ந்ததுண்டு. அமாவாசையில் உட்கார்ந்ததில்லை.

"அமாவாசை லீவு சார்" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் பிலவேந்திரனின் கழுத்தில் அப்போது ஒரு நீலக் கயிறு தொங்கியது. கயிற்றின் முனையில் அவருடைய போட்டோ. போட்டோவுக்குக் கீழே 'களப் பார்வையாளர்' என்று ஆங்கிலத்தில். கழுத்தில் கயிறு போட்ட மனிதன் மூன்று வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "அது ஆய்வுக்குரிய விஷயம் சார்."

எல்லாத் துன்பமும் அந்த வாக்கியத்தில் ஆரம்பித்தது.

அந்தக் கயிறு வந்த கதை சின்னது. மன்றத்தார் போன வருஷம் ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு நடத்தினார்கள். மைக் செத்துப்போனது. பிலவேந்திரனைக் கூட்டிவந்தார்கள். அவர் கேபிளைக் கடித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சைனா ஒயர் சார். உள்ள செம்பு இல்ல, செம்புப் பூச்சுதான்" என்றார். அதுவரை நான்கு பேர் பேசியதில் அதுதான் முதல் தகவல் என்பதால், அங்கேயே அவரைப் பார்வையாளராக நியமித்துவிட்டார்கள். மாதாமாதம் தறிகளிலுள்ள சீனப் பெட்டிகள் எந்த நாளில் எவ்வளவு நேரம் ஓடின என்று பார்த்து அனுப்ப வேண்டும். அவர் அதைச் சர்க்கார் வேலைபோலப் பாவித்தார். சாப்பிடும்போதும் கயிற்றைக் கழற்றுவதில்லை.

"இன்னாங்க, அதைக் கழட்டி வெச்சிட்டுச் சாப்புடுங்க. மூஞ்சி கொழம்புல முங்குது" என்பாள் மனைவி லிடியா. முங்குவது போட்டோவிலுள்ள மூஞ்சி.

உண்மையில், சீனாவின் முன்னேற்றத்தைக் கண்காணிக்க ஆரணியில் பிலவேந்திரனை விட்டால் ஆள் கிடையாது. மன்றம் தோன்றுவதற்கு முப்பது வருஷம் முன்பே அவர் அந்தப் பணியில் இருந்தார், சம்பளமும் கயிறும் இல்லாமல். அவருடைய கருவி கடையிலிருந்த மர அலமாரி.

மேல் தட்டில் ரேடியோக்கள். அவர் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஆரணியில் தறி உள்ள வீட்டிலெல்லாம் ரேடியோ இருந்தது. கையும் காலும் தறிக்கு, காது ரேடியோவுக்கு. அமாவாசைதான் அவருக்குத் திருவிழா. தறி நின்றதும் ஊருக்குள் ஓர் அமைதி வரும். அதுவரை தங்கள் தெருவில் குருவி இருப்பதே தெரியாதவர்கள் குருவிச் சத்தம் கேட்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, முடிவெட்டிக்கொண்டு, கக்கத்தில் ரேடியோவை இடுக்கிக்கொண்டு ஜெசி எலக்ட்ரானிக்ஸுக்கு வருவார்கள். அப்போது மகள் ஜெசி பிறக்கவில்லை. கடைக்குப் பெயரும் இல்லை. பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அவர் பற்றவைக்கும்போது எழும் புகையை முகர்ந்துகொண்டு, இலங்கை வானொலி பிடிபடுகிறதா என்று காத்திருப்பார்கள். கரகரவென்று இரைச்சல் வந்து, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பாட்டு மெல்ல எழுந்து வரும்போது, பெஞ்சு மொத்தமும் அவரைப் பார்க்கும். அந்தப் பார்வைக்காக அவர் சில ரேடியோக்களைத் தேவைக்கு மேல் கொஞ்சம் தாமதமாகச் சரிசெய்ததும் உண்டு.

பிறகு ஒரு ஆடி மாதம் சந்தைக்குச் சீன ரேடியோ வந்தது. சட்டைப்பையில் அடங்கும். கெட்டுப்போனால் தூக்கிப் போடலாம். பிலவேந்திரன் அகராதியில் அதுவரை இல்லாத சொல் அது, தூக்கிப் போடுவது.

ரேடியோ போனதும் இரண்டாம் தட்டுக்கு டேப் ரிக்கார்டர் வந்தது. அதையும் சீனா கொண்டுபோனது. டிவி வந்தது, போனது. டிவிக்கு ஸ்டெபிலைசர் சுற்றிக் கொடுத்தார். ஸ்டெபிலைசர் வேண்டாத டிவியைச் சீனாக்காரன் செய்தான். எமர்ஜென்சி லைட் செய்தார்; அதை அவன் வெங்காயம்போலத் தெருவில் கூறுகட்டி விற்றான். ஒவ்வொரு தட்டிலும் கடைசியாக வந்து, எடுத்துப்போக ஆள் வராத ஒரு உருப்படி துணி மூடி இருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்போல அவர் வாரம் ஒருமுறை தூசி தட்டுவார்.

இப்போது கடைசித் தட்டு. அதில் இருந்தது சீனப் பெட்டி.

பட்டுப் புடவையில் டிசைன் விழுவதற்குத் தறியின் தலைமேல் ஜக்கார்டு இருக்கும். பழைய நாளில் அதற்கு ஓட்டை போட்ட அட்டைகள் மாலைமாலையாகத் தொங்கும். இப்போது ஒரு மின்பெட்டி. பென்டிரைவைச் செருகி மிதியை மிதித்தால் மயிலோ மாங்காயோ தானாக விழும். பெட்டி சீனாவிலிருந்து வந்தது. ஆனால் வீட்டுக் கூரைத் தூசியும் ஊர்க் கரண்டும் ஆரணியைச் சேர்ந்தவை. ஆகவே பெட்டி அடிக்கடி படுத்தது. வரலாற்றில் முதல்முறையாக, தூக்கிப் போட முடியாத ஒரு பொருளைச் சீனா செய்திருந்தது. பிலவேந்திரன் மறுபடியும் பற்றவைத்தார். பெஞ்சில் மறுபடியும் ஆள் உட்கார்ந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் உதவிக்கு என்று ஒரு வாட்ஸப் நம்பர் ஒட்டியிருக்கும். சந்தேகம் கேட்டால், டீ ஆறுவதற்குள் சுத்தத் தமிழில் பதில் வரும்: 'மதிப்பிற்குரிய தொழில்நுட்பரே, தங்கள் இன்னலுக்கு வருந்துகிறோம். சிவப்புக் கம்பியை நீக்கி அருள்க.' தில்லி மன்றத்திடம் கேட்டால் ஒரு மாதம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வரும், தங்கள் கடிதம் கிடைத்தது என்று.

இனி ஆய்வுக்குரிய விஷயத்துக்கு வருவோம். தென்னரசு ஒரு வாரம் ஆய்ந்துவிட்டுக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"மிஸ்டர் பிலவேந்திரன், பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்." புரோட்டாக் கடைக்காரர் இருந்தார். ஆனால் அவர் கொத்திக்கொண்டிருந்தார்.

"பெட்டி நிக்கிற நாளையெல்லாம் சீனக் காலண்டர்ல வெச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவங்களோட மாசப் பிறப்பு. சில சமயம் ஒரு நாள் முன்னால. அது நேர வித்தியாசம். அவங்க காலண்டர்படி உங்க ஊரை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாங்க. ஒத்திகை."

பிலவேந்திரனும் குரலைத் தணித்துக்கொண்டார். "எதுக்கு சார் ஒத்திகை?"

"இன்னிக்குத் தறி. நாளைக்கு மின்சாரம், டவர், ரயில். அறிக்கை மேல போயிடுச்சு. அநேகமா எல்லாப் பெட்டியையும் சீல் வெக்கச் சொல்லுவாங்க."

சீல். பிலவேந்திரன் அலமாரியைப் பார்த்தார். கடைசித் தட்டுக்குக் கீழே தட்டு இல்லை. தரைதான்.

கயிற்றைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சொல்ல வேண்டிய மூன்று வார்த்தையை இப்போது சொன்னார். அமாவாசைக்கு இந்த ஊரில் லீவு, சீனக் காலண்டருக்கு இதில் வேலையே இல்லை, நிலா எல்லாருக்கும் பொது என்று விளக்கினார்.

தென்னரசு பொறுமையாகக் கேட்டார். படித்தவர்களின் பொறுமை.

"அப்படித்தான் நெனைக்க வெச்சிருக்காங்க. நிறுத்தறது அவங்க, லீவுன்னு நெனைச்சுக்கறது நீங்க. இதுக்கு எங்க துறையில தனியா ஒரு பேரே இருக்கு."

"சார், இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குது."

மறுமுனையில் கீபோர்டுச் சத்தம் கேட்டது.

"அவ்வளவு தொலைநோக்கா?" என்றார் தென்னரசு. குரலில் எதிரியின்மேல் ஒரு மரியாதை இருந்தது.

அன்றிரவு பிலவேந்திரன் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். லிடியா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?" என்றாள். அதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அது இன்னும் மோசம்.

அடுத்த மாதக் கணக்கில் அமாவாசைக்கு நேரே பூஜ்யம் போடாமல், எல்லாப் பெட்டியும் ஓடியதாக எழுதி அனுப்பினார். தறி நிற்கவில்லை என்றால் சதியும் நின்றுவிடும் அல்லவா?

தென்னரசு அரை மணியில் கூப்பிட்டார். மன்றத்தின் வரலாற்றிலேயே விரைவான பதில் அது.

"நிறுத்திட்டாங்க."

"ஆமா சார். நல்லதாப் போச்சு."

"நல்லதா? நாம சந்தேகப்பட்ட அடுத்த மாசமே நிறுத்தியிருக்காங்கன்னா, நாம பார்க்கறது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தகவல் கசிஞ்சிருக்கு. ஆரணியில இந்த விஷயம் தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர்தான்."

"யார் சார் அந்தப் பாவி?"

"நீங்க."

பிலவேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பொய்க் கணக்கு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நிலைமையை மேலும் சிக்கலாக்கியது. பொய்க் கணக்கு எழுதச் சொன்னது யார் என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அடுத்த அமாவாசை அன்று தென்னரசு நேரில் வரட்டும். ஒரு தறியை அவர் கண்முன்னால் ஓட்டிக் காட்டுவது. பெட்டி வேலை செய்தால் நிறுத்துவது சீனா அல்ல, நிலாதான் என்று நிரூபணம்.

"வர்றேன்" என்றார் தென்னரசு. "லீவு போட்டுத்தான் வரணும். கெடைக்காது. ஆபீஸ் வேலைன்னே எழுதிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அமாவாசையில் ஓட்ட ஒரு தறி வேண்டுமே. ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் பெரிய தறிக்கூடம் அருணகிரியுடையது. வீடுகளுக்குப் பாவு கொடுத்து நெய்து வாங்குகிறவர்; சொந்தக் கொட்டகையிலும் தறி வைத்திருந்தார். ஊரில் லாபத்தில் கெட்டிக்காரர் என்று பெயர். முன்பெல்லாம் அமாவாசைக்கும் தறி ஓடினால் என்ன குடி முழுகிவிடும் என்று டீக்கடையில் கேட்டவர் அவர். அதனால் சுலபமாகச் சம்மதிப்பார் என்று நம்பிப் போனார் பிலவேந்திரன்.

அருணகிரி கேட்டதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பேச்சே எடுக்காத பிலவேந்திரா. ஒரு தபா பட்டது போதும்."

"இன்னா பட்டீங்க?"

"அதெல்லாம் கேக்காத. நான் இப்ப அமாவாசைன்னா வெரதம். அம்மனுக்கு மாசாமாசம் வெளக்கு."

பிலவேந்திரன் சீல் வைக்கப்போகும் விஷயத்தை எடுத்துச் சொன்னார். தை மாதக் கல்யாண ஆர்டர் அத்தனையும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. அருணகிரியின் முகத்தில் பக்தியும் வியாபாரமும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டின. வியாபாரம் வென்றது. தறி தருவதாகவும், தான் வாசற்படி தாண்டி உள்ளே வரமாட்டேன் என்றும், தறியின் நாலு காலிலும் எலுமிச்சம்பழம் கட்டுவேன் என்றும் சொன்னார்.

தறி கிடைத்தது, நெய்ய ஆள் கிடைக்கவில்லை. கொட்டகையில் மூத்த நெசவாளி ராஜம்மாள். வெற்றிலை போட்ட வாயோடு கேட்டுவிட்டு, பொறுமையாகத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்.

"நான் உக்கார மாட்டேன்பா. நீதான் வேதக்காரன் ஆச்சே. உனுக்கு இன்னா அமாவாச? நீ உக்காரு."

"நான் தறியில உக்காந்து முப்பது வருஷம் ஆச்சுக்கா."

"உக்கார்றதுக்கு இன்னா? பின்பக்கம் மறந்தா பூடும்?"

ஆக, அமாவாசையும் வந்தது. தென்னரசும் வந்தார். தோளில் ஒரு பை, பைக்குள் இன்னொரு பை, கையில் காமிரா. பட்டு நெசவு இயந்திரங்களில் சீனாவின் வளர்ச்சி பற்றி முந்நூறு பக்கம் எழுதியவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தறியைப் பார்த்தார். சுற்றிவந்தார். குனிந்தார். "இதுல உக்கார்றது எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

முள்ளிப்பட்டு அன்று பிலவேந்திரனின் சின்ன வயதுபோல இருந்தது. ஒரு தறிச் சத்தம் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் தாளிக்கிற சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. குருவியும் இருந்தது. தலை துவட்டாமல் எண்ணெய் வழிய ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்து கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். அருணகிரி சொன்ன சொல் மாறாமல் வாசற்படிக்கு வெளியே, கையில் ஒரு உபரி எலுமிச்சம்பழத்தோடு நின்றார். ராஜம்மாள் வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

பிலவேந்திரன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு தறியில் இறங்கி உட்கார்ந்தார். பின்பக்கம் மறக்கவில்லைதான். காலும் மறக்கவில்லை, தானாக மிதியைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நூல் ஓடும் நாடாவை எறியக் கற்றுக்கொண்டதும், அலமாரியில் இப்போது துணி மூடிக் கிடக்கிற ரேடியோவும் ஒரு கணம் நினைவுக்கு வந்தன. சுவிட்சைப் போட்டார்.

பெட்டி கிர்ரென்றது. திரை ஒளிர்ந்தது. மிதியை மிதித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி மிதித்தார். திரையில் ஒரு கறுப்பு வட்டம் தோன்றியது. அதன் கீழே இரண்டு சீன எழுத்து. பிறகு திரை, தூங்கப்போகிற குழந்தை கண்ணை மூடுகிற மாதிரி, மெல்ல இருண்டது.

வாசலில் அருணகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அதே வட்டம். தாயே, அதே வட்டம்" என்று முனகினார். போன வருஷம் கல்யாண சீசனில் ராஜம்மாளை உட்காரவைத்து அமாவாசைக்குத் தறி ஓட்டப் பார்த்ததும், இந்த வட்டம் வந்ததும், அம்மனே கண்ணைத் திறந்து பார்த்ததாக நினைத்து அன்றிலிருந்து விளக்குப் போடுவதும் அப்போதுதான் அவர் வாயிலிருந்து வெளியே வந்தன.

தென்னரசின் முகம் மலர்ந்தது. பத்து வருஷமாக ஒரு சதியைத் தேடி அலைந்தவருக்கு அது எலுமிச்சம்பழம் கட்டி முன்னால் வைக்கப்பட்டிருந்தது. அவர் காமிராவை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு நூல்பெட்டிமேல் லேப்டாப்பைத் திறந்து தட்ட ஆரம்பித்தார்.

பிலவேந்திரன் இருண்ட திரையைத் தட்டிப் பார்த்தார். அப்படியானால் அது நிஜம். நிலா இல்லை, சீனாதான். ஆய்வுக்குரிய விஷயம் என்று அவர் முதலில் உளறியது, அவரே அறியாமல், உண்மை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பெட்டியைக் கழற்றினார். ஒயரை எடுத்து மாற்றினார், ஊதினார், சால்டரிங் இரும்பைப் போட்டார். புகை எழுந்தது. சுற்றி நின்ற தலைகள் நெருங்கி வந்தன. எண்ணெய் வாசனையும் அந்தப் புகையும் கலந்து, அமாவாசைக் கூட்டம் முழுதாக அவர் தோள்மேல் சாய்ந்து நின்றது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"பாட்டு வருதா பிலவேந்திரா?" என்று பின்னாலிருந்து ஒரு வயசான குரல் கேட்டது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டார். பாட்டு வரவில்லை. கறுப்பு வட்டம்தான் வந்தது. போனது.

"விடுங்க" என்றார் தென்னரசு, நிமிராமல். "உங்களால முடியாது. இது உயர்மட்ட உத்தரவு. சாயங்காலத்துக்குள்ள அறிக்கை போயிடும். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. உத்தரவு போட்ட எதிரி யாருன்னு எழுதணும். ராணுவமா, அமைச்சகமா, கம்பெனியா... எந்த மட்டத்துல முடிவாகியிருக்கும்?"

"அந்தக் கறுப்பு வட்டம் வந்துச்சா தம்பி?" என்று வாசலிலிருந்து ராஜம்மாள் கேட்டாள்.

"வந்துச்சுக்கா" என்றார் பிலவேந்திரன், அழுகிற குரலில்.

"அப்பப் பெட்டி நல்லாத்தான் கீது. அதைப் போயி எதுக்குக் கழட்டிகினு கெடக்குற?"

தட்டுகிற சத்தம் நின்றது. ராஜம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு சாவி ஆகியவற்றுக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அந்த உதவி நம்பருக்குப் போன வருஷம் தான் பேசி அனுப்பிய செய்தியைத் தேடி, கட்டைவிரலால் அழுத்தினாள். அவள் குரலே வெளியே வந்தது.

"ஐயா, சைனா கம்பெனிங்களா? நான் ஆரணி முள்ளிப்பட்டுலேர்ந்து ராஜம்மா பேசறேன். எங்க மொதலாளி அமாவாசைக்கும் தறி ஓட்டச் சொல்றாரு. பேஜாரா கீது. அப்பங்காலத்துலேர்ந்து இல்லாத வழக்கம். அன்னிக்கு ஒரு நாள் உங்க பெட்டி ஓடாத மாதிரி பண்ணிக் குடுங்க. எம் பேரு வெளிய வரக்கூடாது."

பதில் எழுத்தில் இருந்தது. பிலவேந்திரன் வாங்கி உரக்கப் படித்தார்.

'மதிப்பிற்குரிய நெசவாளர் அம்மையீர், தங்கள் வேண்டுகோள் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. தங்கள் ஊரின் பெட்டிகள் அனைத்தும் இனி நிலவற்ற நாளில் உறங்கும். தங்கள் பெயர் மறைத்துக் காக்கப்படும். இனிய ஓய்வு அமைக.'

தென்னரசு தன் லேப்டாப்பைப் பார்த்தார். 'உத்தரவு பிறப்பித்த எதிரிச் சக்தி' என்ற கட்டத்தில் 'ராஜம்மாள்' என்று தட்டினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அதை அழித்தார். பிறகு கட்டத்தை அழித்தார். பிறகு அறிக்கையை.

பிலவேந்திரன் பெட்டியின் மூடியைத் திரும்ப முடுக்க ஆரம்பித்தார்.

அருணகிரி விரதத்தையும் மறந்து வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டார். மாசாமாசம் போட்ட விளக்கெல்லாம் அவர் கண்ணில் எரிந்தது. ஆனால் கேட்டபோது குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"ஏன் ராஜம்மா, ஒரு நாள் லீவுக்கு சைனா வரைக்கும் போவணுமா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

ராஜம்மாள் போனைச் சுருக்குப்பையில் போட்டு முடிச்சை இழுத்தாள்.

"உன்கிட்ட மூணு தபா கேட்டேன், குடுக்கல. சைனாக்காரன்கிட்ட ஒரு தபா கேட்டேன், குடுத்துட்டான்."